டெல்லிப் பிள்ளைக்குச் சரளி வரிசை: முதலில் ரி நிற்கட்டும்

மயிலாப்பூரில் செல்லுபடியாகும் கர்நாடக சங்கீதப் பாடமுறை டெல்லி ஆர்.கே. புரத்தில் அப்படியே ஓடாது. டெல்லிப் பள்ளியில் படிக்கும் பிள்ளை பாட்டு வகுப்புக்கு வரும்போதே காதில் 'ஸா ரே கா மா' ஏறியிருக்கும். அது ஹிந்துஸ்தானியின் பிலாவல், நம் சங்கராபரணம். நாம் சரளி வரிசையை, அதாவது முதல் சுரப் பயிற்சியை, தொடங்குவதோ மாயாமாளவகௌளை ராகத்தில்; அதன் ரி, சங்கராபரண ரி-யைவிட அரைச்சுரம் தாழ்ந்தது. பிள்ளையின் ரி மேலே போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஞானம் போதாது என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

5 கட்டை சுருதியில் (ஆர்மோனியத்தின் ஐந்தாம் வெள்ளைக் கட்டை, G, ஸ-வாக இருக்கும்போது) ரி இருப்பது அடுத்த கறுப்புக் கட்டையில், அதாவது 5½. பிள்ளை பிடிப்பது அதற்கடுத்த வெள்ளைக் கட்டை, 6. "இறக்கிப் பாடு" என்றால் ஸ-வையும் சேர்த்து இறக்கிவிடும். தம்புராவைப் போட்டு ஸ – ரி – ஸ மட்டும் பாட வையுங்கள். ஒவ்வொரு சுரமும் நான்கு எண்ணிக்கை, பத்துத் தடவை. ரி நின்றபின் க. இரண்டுக்கும் நடுவே மூன்று அரைச்சுர இடைவெளி இருப்பதால் க எட்டாமல் தொங்கும். ம-விலிருந்து இறங்கி வந்து பிடித்தால் சரியாகும். ஸ ரி க ம-வின் இடைவெளிகளேதான் ப த நி ஸ-விலும். கீழ்ப்பாதி படிந்தால் மேல்பாதிக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். பள்ளியில் ஹிந்துஸ்தானி கற்கும் பிள்ளையிடம் மாயாமாளவகௌளையை "பைரவ் தாட்" என்று சொன்னால் சட்டென்று புரியும்.

மேல் ஸ பாடும்போது முகவாய் தூக்கினால் சுருதியை அரைக் கட்டை குறையுங்கள். நவம்பர்ப் புகையிலும் ஜனவரிக் காலைக் குளிரிலும் மேல்ஸ்தாயி வரிசை (மேல் சுரங்களுக்கான பயிற்சி) வேண்டாம்.

எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் முதல் காலத்துக்கு (எண்ணிக்கைக்கு ஒரு சுரம்) ஆரோகணம், அதாவது ஏறு வரிசை, ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று); அவரோகணம், இறங்கு வரிசை, ஒன்று. இரண்டாம் காலத்தில் (எண்ணிக்கைக்கு இரண்டு சுரம்) இரண்டும் ஒரே ஆவர்த்தனத்தில் அடங்க வேண்டும். பிள்ளைகளோ தாளம் போடும் கையையும் சேர்த்து ஓட்டும். காலம் மாறாது, வேகம்தான் கூடும். நீங்கள் தாளம் போட்டு அது பாடட்டும், பிறகு அது போட்டு நீங்கள் பாடுங்கள். அப்புறம்தான் இரண்டும் அதன் கையில்.

நோட்டு முதல் மாதம் வேண்டவே வேண்டாம். கண் எழுத்தில் இருந்தால் காது தம்புராவை விட்டுவிடும். கீதம் (வரிசைகளுக்குப் பின் வரும் எளிய பாட்டு) வரும்போது தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை தேவநாகரியில் எழுதிக்கொள்ளட்டும். சமஸ்கிருத சாகித்யத்துக்கு (பாட்டு வரிகளுக்கு) அது தமிழைவிட வசதி. க, ப போன்ற எழுத்துகளின் ஒலி வேறுபாட்டைக் காட்டக் குட்டி எண் போட வேண்டியதில்லை. தமிழ்ப் பாட்டில்தான் சிக்கல்: எ-ஏ, ஒ-ஓ வித்தியாசம் ஹிந்தி எழுத்தில் தெரியாது. குறிலுக்கு ஏதாவது ஓர் அடையாளம் வைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் மாதமே "கொலுவுக்கு ஒரு பாட்டு" என்று வீட்டில் கேட்பார்கள், நியாயம்தான். அதற்காக வரிசைகளைத் தாண்ட வேண்டாம். நாலு வரி நாமாவளி ஒன்றைக் காதால் மட்டும் சொல்லிக்கொடுங்கள், வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தில்.