டெஸ்க்டாப் ஆப்புக்கு டூல்கிட் எடுக்கும்போது எங்க சறுக்குறோம்

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடணும்னு ஆப் எழுத உட்காரும்போது நிறைய பேர் டூல்கிட்ட (விண்டோ, பட்டன் எல்லாம் வரையற லைப்ரரி) முடிவு பண்றதே டெமோ ஸ்க்ரீன்ஷாட்ட பாத்துதான். ஒரு விண்டோ, நடுவுல ஒரு பட்டன்னா எதுலயும் அழகாத்தான் இருக்கும். உங்க ஆப்புல எது ரொம்ப கஷ்டமான ஸ்க்ரீனோ, ஆயிரக்கணக்குல வரி இருக்கற டேபிளோ, வேற வேற ஸ்கேலிங்ல இருக்கற ரெண்டு மானிட்டரோ, அத முதல்ல கட்டிப் பாருங்க, சாயம் அங்கயே வெளுத்துரும்.

அடுத்து லைசென்ஸ், என்னக் கேட்டா இதுதான் பெரிய குழி. க்யூட்டி (Qt)ங்கற டூல்கிட்டோட முக்கிய மாட்யூல் எல்லாம் எல்ஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல கிடைக்கும், உங்க சோர்ஸ காட்டாமலே விக்கலாம், ஆனா க்யூட்டி லைப்ரரிய மட்டும் யூசர் மாத்திப் போட்டுக்க வழி விடணும், அதோட சில ஆட்-ஆன் மாட்யூல் ஜிபிஎல் (ஆப்ப கொடுத்தா உங்க சோர்ஸயும் கொடுக்கணும்ங்கற லைசென்ஸ்) இல்லன்னா காசுன்னுதான் இருக்கு. பைத்தான்ல இன்னும் குழப்பம், க்யூட்டிய பைத்தான்ல யூஸ் பண்ண வைக்கற பைக்யூட்டியும் பைசைடும் எழுதறதுக்கு கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா பைக்யூட்டி ஜிபிஎல் இல்லன்னா கட்டண லைசென்ஸ், பைசைடு எல்ஜிபிஎல். பாதி ஆப் எழுதினப்புறம் இத கண்டுபிடிக்கறவங்க கொஞ்ச பேர் இல்ல. டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ்ங்கற இன்னொரு டூல்கிட்ல இந்தத் தலைவலி கிடையாது, ஸ்டாட்டிக்கா லிங்க் பண்ணாலும் (லைப்ரரிய ஆப்புக்குள்ளயே சேத்துட்டாலும்) உங்க சோர்ஸ கேக்காது.

வெப் பேஜயே டெஸ்க்டாப் ஆப்பா மாத்தற எலக்ட்ரான்னாலே வெயிட்டுன்னு திட்டறது இப்ப ஃபேஷன். குரோம் பிரவுசரோட அடிப்படையான குரோமியத்தயே கூட தூக்கிட்டு வருது, சின்ன ஆப்பே 100 எம்பிய தாண்டிடும், உண்மைதான். ஆனா அதனாலதான் மூணு சிஸ்டத்துலயும் பேஜ் ஒரே மாதிரி தெரியுது. அதே வேலைய செய்யற டாரி (Tauri) சின்னதா இருக்கக் காரணம் அது சிஸ்டத்துல ஏற்கனவே இருக்கற வெப்வியூவ (ஆப்புக்குள்ள வெப் பேஜ காட்டற பாகம்) எடுத்துக்கறது, விண்டோஸ்ல ஒண்ணு, மேக்ல வேற, லினக்ஸ்ல இன்னொண்ணு, அப்ப டெஸ்டிங்கும் மூணு தடவ.

யாரும் கேக்காத ஒண்ணு, தமிழ் எழுத்து ஒழுங்கா வருதா? டியர் இம்குயி (Dear ImGui)ங்கற டூல்கிட்ல எழுத்த கோர்க்கற வேலையே நடக்காது, "கெ"ன்னு அடிச்சா கொம்பு ககரத்துக்குப் பின்னாடி போய் நிக்கும். ஸ்க்ரீன் ரீடர் சப்போர்ட்டும் அதுல இல்ல. டீபக் டூலுக்கு அது அருமை, பொதுமக்கள் கையில கொடுக்கற ஆப்புக்கு வேணாம்.

அப்புறம் "கிராஸ்-பிளாட்ஃபார்ம்"னு போட்டிருந்தா மூணும் இருக்கும்னு நம்பிடாதீங்க, டாட்நெட் மௌயி (.NET MAUI)ங்கற மைக்ரோசாஃப்ட் டூல்கிட்ல மைக்ரோசாஃப்ட் தரப்புலேர்ந்து லினக்ஸ் சப்போர்ட் கிடையாது. ஜாவாவுக்கான டூல்கிட் ஜாவாஎஃப்எக்ஸும் 2018ல ஜேடிகே 11 (ஜாவாவோட டெவலப்மென்ட் கிட்) வந்தப்பவே அதுலேர்ந்து தனியா பிரிஞ்சிருச்சு, தனியாத்தான் சேத்துக்கணும். மேக்குக்கு சைன் பண்ணி நோட்டரைஸ் பண்ற (ஆப்பிள்கிட்ட அனுப்பி சரிபாக்க வைக்கற) வேலையும் இருக்கு, அதனால இன்ஸ்டாலர ரிலீசுக்கு முந்தின வாரம்னு தள்ளாம அந்த ஒத்த பட்டன் ஆப்ப வச்சே மூணு மெஷின்லயும் போட்டுப் பாத்துருங்க.