துளிக்கு ஒரு செல்: லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

உயிர்ச் செல்களை ஆயிலுக்குள் மிதக்கும் நீர்த் துளிகளில் ஒவ்வொன்றாக அடைக்க, மெல்லிய கால்வாய்கள் உள்ள சிலிக்கோன் ரப்பர் சிப் வேண்டும். அந்தச் சிப்பை வார்ப்பதை நினைத்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். அது கைப்பழக்கம், வந்துவிடும். சில்கார்ட் 184 என்ற சிலிக்கோன் ரப்பர் திரவத்தை எடையில் 10-க்கு 1 என்று இறுக்கியோடு கலந்து, டெசிகேட்டர் என்ற மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் வேக்யூம் போட்டுக் குமிழியை எடுத்து, அச்சில் ஊற்றி, 70 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வையுங்கள். கையில் லேடக்ஸ் உறை வேண்டாம், நைட்ரைல் போடுங்கள். லேடக்ஸிலிருக்கும் கந்தகம் பட்ட இடம் இறுகாமல் பிசுபிசுவென்றே கிடக்கும். புதுச்சேரிக் கடற்காற்றில் ஈரம் அதிகம். சிப்பையும் ஸ்லைடையும் பிளாஸ்மாவில் (மின்னூட்டிய வாயுவில்) காட்டி ஒட்டுவதற்கு முன் கண்ணாடி ஸ்லைடை ஹாட் பிளேட்டில் உலர்த்திவிடுங்கள்.

வேலையே செல்லில்தான் இருக்கிறது. துளிக்கு ஒன்று வேண்டுமென்று செல்லை அள்ளிப் போட்டால் ஒரே துளியில் இரண்டு மூன்று மாட்டும். கடலூர் பஸ் மாதிரிதான்: ஒன்று காலியாக வரும், அடுத்ததில் நெரிசல். தற்செயலாக விழுவதைக் கணிக்கும் பாய்சான் கணக்கு அதைத்தான் சொல்கிறது. ஆகவே பத்துத் துளிக்கு ஒரு செல் என்ற சராசரிக்கு நீர்த்துவிடுங்கள். 90 சதவீதத் துளி வெறுமனே போகும். வயிறு எரியும்தான். ஆனால் செல் விழுந்த துளிகளில் 100-க்கு 95-ல் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். நோயறிதலில் ஒவ்வொரு செல்லையும் தனியாகப் படிக்க அதுதான் தேவை.

50 மைக்ரான் விட்டமுள்ள துளியின் கொள்ளளவு சுமார் 65 பிக்கோலிட்டர். அதற்கு ஒரு மில்லியில் 15 லட்சம் செல் போதும். எண்ணுவதற்கு முன் 40 மைக்ரான் வலையில் வடிகட்டுங்கள். ஒட்டிக் கிடக்கும் கட்டியை எந்தக் கணக்கும் பிரித்துத் தராது. சிரிஞ்சுக்குள் செல் படிந்துவிடும் என்பதால் ஆப்டிபிரெப் என்ற அடர்த்தியான கரைசலைக் கலந்து திரவத்தின் அடர்த்தியைச் செல்லுக்கு ஈடாக்குங்கள்.

பிளாஸ்மா பட்ட சுவர் தண்ணீரை இழுக்கும். நீர்விலக்கிப் பூச்சு கொடுத்து, சர்ஃபாக்டன்ட் (துளிகள் ஒன்றோடொன்று சேராமல் காக்கும் பொருள்) கலந்த ஆயிலை முதலில் ஓடவிடுங்கள், அப்புறம் செல். மைக்ரோஸ்கோப்பில் ஆயிலும் நீரும் சந்திக்கும் இடத்தையே பாருங்கள்: நீரின் கழுத்து மெலிந்து, அறுந்து, ஒரே அளவில் துளி விழ வேண்டும். அளவு ஏறி இறங்கினால் முதலில் டியூபில் காற்றுக் குமிழி இருக்கிறதா என்று தேடுங்கள். பம்ப்பைக் குறை சொல்வதெல்லாம் அதற்கப்புறம்.

பயோபிரிண்டிங்கிற்கு (செல்லை அச்சிட்டுத் திசு அமைப்பதற்கு) என்றால் செல்லை ஆல்ஜினேட் என்ற கடற்பாசிப் பசையில், கால்சியத்தைப் பிடித்துவைத்திருக்கும் கால்சியம்-ஈடிடிஏ சேர்த்துக் கலக்குங்கள். வெளியே ஆயிலில் கொஞ்சம் அசிட்டிக் அமிலம் இருந்தால் கால்சியம் விடுபட்டுத் துளி ஜெல்லாகும். உருண்டை இறுகியதும் ஆயிலைக் கழுவி மீடியத்துக்கு மாற்றுங்கள். டீ குடித்துவிட்டு வந்து மாற்றலாம் என்று வைத்துவிடாதீர்கள், அமிலத்தில் செல் செத்துப்போகும்.