ஆய்வேட்டைப் பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்கு அனுப்பும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் என் ஆய்வேடு 4 ஆண்டுகள் கிடந்தது. அம்மா பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தின் பழைய செக்ரோல் புத்தகங்களை, அதாவது தொழிலாளர் வருகையும் கூலியும் பதிந்த பேரேடுகளை வைத்து எழுதியது. ஒருநாள் வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல்: நூலாகப் போடுகிறோம், 3,000 வெள்ளி கட்டுங்கள். கட்டத்தான் இருந்தேன். “எழுதுனதும் நீ, காசு கட்டுறதும் நீயா?” என்று அம்மா கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதலில் பதிப்பகத்தின் நூற்பட்டியலைப் பாருங்கள். மலாயா பல்கலைக்கழகம், பினாங்கு யூஎஸ்எம், பாங்கி யூகேஎம் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் சொந்தப் பதிப்பகங்கள் உண்டு. பெரும்பாலும் மலாய், ஆங்கில நூல்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் என்யூஎஸ் பிரஸ் தென்கிழக்காசியாவைப் பற்றி நிறையப் போடுகிறது. ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ பிரஸ் நிர்வாகிகளுக்கானது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டு வாழ்க்கையைப் பற்றிய நூலை அங்கே அனுப்பிப் பயனில்லை.

முழு ஆய்வேட்டை அனுப்பாதீர்கள். ஐந்தாறு பக்க முன்மொழிவும் ஒரு மாதிரி இயலும் போதும். நூல் என்ன கேள்வியைக் கேட்கிறது, யார் வாங்குவார்கள், ஏற்கெனவே வந்த நூல்களிலிருந்து எங்கே மாறுகிறது, எத்தனை சொற்கள், எத்தனை படங்கள் என்பதை எல்லாம் அதில் சொல்லிவிடுங்கள்.

அந்த மாதிரி இயலில்தான் உண்மையான வேலை. “இவ்வாய்வின் நோக்கம்” என்று தொடங்கியிருந்த என் முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். விடியாத இருட்டில், தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக்களத்தில், தோட்டத்துக் கணக்கர் கிராணி பேர் கூப்பிடுவதிலிருந்து தொடங்கினேன். முன்னாய்வுகளைப் பற்றிய இயல் முழுவதும் போனது. தேவையான மேற்கோள்கள் மட்டும் அடிக்குறிப்புக்கு இறங்கின. மனசு வலித்தது, ஆனால் நூல் மூச்சு விட்டது.

அப்புறம் துறை அறிஞர்கள், வழக்கமாக இருவர், பெயர் சொல்லாமல் படித்துக் கருத்து எழுதுவார்கள். மாதக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு குறைக்கும் என்ன செய்யப்போகிறீர்கள் என்று வரிசையாகப் பதில் எழுதுங்கள். ஏற்காததற்குக் காரணம் சொல்லுங்கள். பெண்களின் கூலி எங்கே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மறுபடி செக்ரோலைத் திறந்து ஒரு புது இயலே எழுதினேன். கடைசி முடிவு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் அடங்கிய குழுவுடையது. ஆக்ஸ்போர்டில் அவர்களை ‘டெலிகேட்ஸ்’ என்பார்கள்.

காசு பற்றியும் முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். வண்ணப் படங்களுக்கோ, இணையத்தில் இலவசமாகப் படிக்க வைப்பதற்கோ சில நல்ல பதிப்பகங்களும் உதவித்தொகை கேட்பதுண்டு. அது வேறு. காசு கட்டினால்தான் நூலை ஏற்போம் என்றால் விலகிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பு உரிமை என்ற பத்தியைத் தவறாமல் படியுங்கள். தமிழ் உரிமை என்னிடமே இருக்கட்டும், அம்மா படிக்க வேண்டும் என்று கேட்டேன். கொடுத்தார்கள்.