பழைய ஹார்ட் டிஸ்க்கை மறுபடி பயன்படுத்தத் தயார் செய்வது எப்படி?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு அலமாரியில் மூன்று பழைய ஹார்ட் டிஸ்க்குகள் கிடந்தன. போன சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குப் போய் டிஸ்க்கை உள்ளே வைத்துக் கம்ப்யூட்டரில் செருகும் ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கி வந்து, மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதே வரிசையில் சொல்கிறேன். நான் செய்தது விண்டோஸில்.

லேப்டாப் டிஸ்க் 2.5 அங்குலம், அதற்குச் சாதாரண கேஸ் போதும். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க் என்றால், தனி பவர் அடாப்டரோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு 12 வோல்ட் வேண்டும்.

செருகியதும் காதை வைத்துக் கேளுங்கள். ‘டக் டக்’ என்று விடாமல் சத்தம் வந்தால் அந்த டிஸ்க்கை நம்ப வேண்டாம். சத்தம் இல்லையென்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து பாருங்கள். நீல நிறம் வந்தால் நல்லது. என்னுடைய ஒரு டிஸ்க் மஞ்சள் காட்டியது, கெட்டுப்போன செக்டார்கள் (தகவல் எழுதப்படும் சிறு பகுதிகள்). அதை ஒதுக்கிவிட்டேன்.

அப்புறம், வேண்டிய படங்கள், கோப்புகள் ஏதாவது உள்ளே இருந்தால் இப்போதே வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். இனி வருவது அழிக்கும் வேலை.

கட்டளைகளை டைப் செய்யும் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து டிஸ்க்பார்ட் (diskpart) என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். அடுத்து, லிஸ்ட் டிஸ்க். இங்கேதான் அவசரமே கூடாது. நான் ஒருமுறை டிஸ்க்கைக் கழற்றி வைத்துப் பட்டியலைப் பார்ப்பேன், பிறகு செருகி இன்னொரு முறை பார்ப்பேன். புதிதாக வந்த வரிதான் நம் டிஸ்க். அளவையும் ஒப்பிடுங்கள்: 500 ஜிபி டிஸ்க் 465 என்றும், 1 டிபி டிஸ்க் 931 என்றும் தெரியும். செலக்ட் டிஸ்க் என்று அடித்து, பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுங்கள். மறுபடி லிஸ்ட் டிஸ்க் கொடுத்தால், தேர்ந்தெடுத்த வரியின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகே மேலே போங்கள்.

கிளீன் என்று மட்டும் கொடுத்தால் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பார்ட்டிஷன் விவரம்தான் போகும். தகவல் உள்ளேயே இருக்கும். முன்பு ஒரு பழைய டிஸ்க் வாங்கியபோது, ரெக்கவரி மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். யாரோ ஒருவர் வீட்டுக் கிரகப்பிரவேசப் படங்களும் பாஸ்புக் ஸ்கேனும் வந்து விழுந்தன. மனது சங்கடமாகிவிட்டது, உடனே அழித்தேன். அதனால் யாருக்காவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால் கிளீன் ஆல் கொடுங்கள். எல்லா செக்டாரிலும் பூஜ்யம் எழுதும். பல மணி நேரம் ஆகும். திரையில் எதுவும் அசையாது, பயந்து வயரைப் பிடுங்காதீர்கள். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டிக்கு இந்த முறை வேண்டாம். தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளில் அதை முழுதாக அழிக்கும் செக்யூர் எரேஸ் இருக்கும்.

மீதி சுலபம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் இனிஷியலைஸ் செய்யச் சொல்லும், ஜிபிடி என்ற பார்ட்டிஷன் முறையைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புப் பட்டையில் ரைட் கிளிக் செய்து, நியூ சிம்பிள் வால்யூம். ஃபார்மேட் வகை கேட்கும்போது, விண்டோஸில் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், மேக்கிலும் செருகுவீர்கள் என்றால் எக்ஸ்ஃபேட். குயிக் ஃபார்மேட்டே போதும்.

கடைசியாக ஒரு பெரிய வீடியோவை அதில் காப்பி செய்து, முழுதாக ஓடுகிறதா என்று பாருங்கள். என் இரண்டும் ஓடின. ஸ்டிக்கர் ஒட்டித் தேதி எழுதி, ஒன்றை அக்கா பையனுக்குக் கொடுத்துவிட்டேன்.