ஆட்டிசம் பற்றிய படக்கதைகள்: தேர்விலும் வாசிப்பிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்டிசம் (பேசுவதும் பழகுவதும் புலன்களால் உணர்வதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) உள்ள பிள்ளை ஏன் வித்தியாசமாக நடந்துகொள்கிறது என்பதைக் கூடப் படிக்கும் பிள்ளைகளுக்குப் புரியவைக்கப் படக்கதை நல்ல வழி. எந்தப் புத்தகம், அதை எப்படி வாசிப்பது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் போன்ற பாலக்காட்டு எல்லையோரத்து அங்கன்வாடிகளையும் தமிழ் வகுப்புகளையும் மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

முதல் தவறு, திறமைக்குப் பரிசாக நட்பு கிடைக்கும் கதையை எடுப்பது. பையனை யாரும் விளையாட்டில் சேர்ப்பதில்லை. கடைசிப் பக்கத்துக்கு முன்னால் அவன் கணக்கில் அசத்துகிறான், உடனே எல்லோரும் கைதட்டிச் சேர்த்துக்கொள்கிறார்கள். அப்படியென்றால் அசத்தாதவனைச் சேர்க்க வேண்டாம் என்றுதானே கேட்கும் பிள்ளை எடுத்துக்கொள்ளும்? ஆட்டிசம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அப்படிப்பட்ட அபூர்வத் திறமை எதுவும் கிடையாது. பேசாத பிள்ளை முடிவில் திடீரென்று பேசிவிடும் கதையும் வேண்டாம். கதை முடிவதற்குள் குணமாக இது காய்ச்சல் அல்ல. பட அட்டையைக் காட்டித் தண்ணீர் கேட்கும் பிள்ளை, கடைசிப் பக்கத்திலும் அட்டையைக் காட்டியே கேட்கட்டும்.

அடுத்தது, காரணத்தை விட்டுவிடும் கதை. காதைப் பொத்துகிறாள், கையை உதறுகிறாள், கேட்டதையே திருப்பிச் சொல்கிறாள் என்று வரைந்தால் மட்டும் போதாது, வகுப்பில் சிரிப்புதான் வரும். கோயில் திருவிழாவில் செண்டை மேளம் முழங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் ரசிக்கும் அதே ஓசை அவளுக்குத் தாங்க முடியாத வலியாக இருக்கலாம் என்பது ஒரு பக்கத்தில் வர வேண்டும். சத்தம் தடுக்கும் ஹெட்போனை அண்ணன் எடுத்துக் கொடுப்பதும், இருவரும் கொஞ்சம் தள்ளிப் போய் நிற்பதும் அடுத்த பக்கத்தில் வரட்டும். கை உதறுவது பலருக்குப் படபடப்பைத் தணிக்கிறது. சந்தோஷத்திலும் அது வரும். 'உதறுவதை நிறுத்தினாள்' என்பதை வெற்றியாகக் காட்டும் புத்தகத்தை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். திருப்பிச் சொல்வதும் கேலி அல்ல. 'பிஸ்கட் வேணுமா?' என்று அவளே சொன்னால், பல நேரம் 'எனக்கு வேணும்' என்றுதான் அர்த்தம்.

நல்ல புத்தகத்தையும் கெடுக்கும் கேள்வி ஒன்று உண்டு: 'இவன் நம்ம க்ளாஸ்ல யாரு மாதிரி?' பெற்றோர் சம்மதமில்லாமல் எந்தப் பிள்ளையின் ஆட்டிசத்தையும் வகுப்பில் சொல்லக் கூடாது, ஜாடையாகக்கூட. அந்தப் பிள்ளை அழுது புரண்ட மறுநாளே புத்தகத்தை எடுத்தாலும் எல்லாக் கண்ணும் அங்கேதான் திரும்பும். சில நாள் கழித்து எடுங்கள். 'மேளம் நிக்கறதுக்குள்ள அவளுக்கு யாரு என்ன செய்யலாம்?' என்று கதைக்குள்ளேயே நிற்கும் கேள்வியாகக் கேளுங்கள்.

சோசியல் ஸ்டோரியையும் இத்தகைய படக்கதையையும் ஒன்றாக நினைப்பதும் உண்டு. அமெரிக்க ஆசிரியை கரோல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய அந்த முறை, ஆட்டிசம் உள்ள பிள்ளைக்காகவே ஒரு சூழலை விளக்கி எழுதுவது. அதில் 'இப்படிச் செய்' என்னும் வரி ஒன்று இருந்தால், சூழலை விவரிக்கும் வரிகள் குறைந்தது இரண்டு வேண்டும். வீட்டில் எழுதும்போது இது தலைகீழாகி, வெறும் கட்டளைப் பட்டியலாகிவிடுகிறது.

படங்களைப் பொறுத்தவரை, பக்கம் நிறைய ஆளும் பொருளும் அடைத்திருந்தால் எங்கே பார்ப்பது என்றே தெரியாது. நாயகன் எப்போதும் பையனாகவே இருப்பதும் சரியில்லை. பெண் பிள்ளைகளின் ஆட்டிசம் ஏற்கெனவே தாமதமாகத்தான் கண்டுபிடிக்கப்படுகிறது.

எல்லையோரத்துக்கே உரிய தவறு மொழியில் இருக்கிறது. 'ஸ்கூல்ல மலையாளம், வீட்ல தமிழ்னா பிள்ளை குழம்பிடும், தமிழை விட்டுடுங்க' என்று அறிவுரை சொல்வார்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள பிள்ளையின் பேச்சு கூடுதலாகத் தாமதமாவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் வீட்டில் தமிழிலேயே வாசியுங்கள். கையில் இருப்பது மலையாளப் புத்தகம் என்றால் வாய்க்கு வந்தபடி மாற்றிச் சொல்லாதீர்கள். தமிழ் வரிகளை எழுதி ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள். போன முறை கேட்ட அதே வரி இந்த முறையும் வராவிட்டால் பல பிள்ளைகள் புத்தகத்தையே தள்ளிவிடுவார்கள்.