உறைபனிக் காலையில் செல்ஃப் மோட்டார் மெதுவாகச் சுற்றினால்

டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைக்குந்தாவிலும் காந்தலிலும் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும் காலைகளில், செல்ஃப் பட்டனை அழுத்தியதும் பைக் இன்ஜின் முனகிக்கொண்டு மெல்லச் சுற்றுவது உதகையில் வாழ்பவர்களுக்குப் பழகிய ஒலி. கிக்கர் இல்லாத வண்டிகள் பெருகிவிட்ட பிறகு இது வெறும் எரிச்சலாக இல்லாமல், வேலைக்குப் போக முடியுமா என்ற கேள்வியாகவே மாறிவிட்டது. வெயில் ஏறியபின் 11 மணிக்கு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அதே வண்டி ஒரே அழுத்தில் கிளம்பிவிடும். மெக்கானிக்கும் குறை எதுவும் இல்லை என்பார், அல்லது எதற்கும் இருக்கட்டும் என்று பேட்டரியை மாற்றச் சொல்வார். ஆகவே இந்தப் பழுதை, அது தலைகாட்டும் நேரத்தில், உங்கள் வீட்டு வாசலிலேயே அளந்து பார்ப்பதுதான் சரியான வழி. அதற்குச் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும், பட்டனை அழுத்த உடன் ஓர் ஆளும் போதும். கியர் நியூட்ரலில் இருப்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சாவியைத் திருப்புவதற்கு முன் பேட்டரியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய லெட் ஆசிட் பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். 12.4 என்றால் சார்ஜ் ஓரளவு குறைந்திருக்கிறது. 12 அல்லது அதற்கும் கீழே என்றால் ஏறக்குறைய காலி, எனவே வேறு எதையும் தொடாமல் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். குளிரில் பேட்டரிக்குள் நடக்கும் வேதிவினை மந்தமாகிவிடுவதால், முழுதாக சார்ஜ் ஏறிய பேட்டரிகூட பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகில் தன் திறனில் ஐந்தில் ஒரு பங்கையாவது இழந்துவிடும். அதே நேரத்தில் இன்ஜின் ஆயிலும் கெட்டியாகி, சுற்றுவதற்குக் கூடுதல் பலம் கேட்கிறது.

அடுத்து, மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். இன்ஜின் பற்றிக்கொள்வதற்கு முன் கிடைக்கும் இரண்டு மூன்று நொடிகளில் எண் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதே நமக்கு வேண்டிய தகவல். ஒரு முறைக்கு ஐந்து நொடிக்கு மேல் அழுத்த வேண்டாம். இடையில் அரை நிமிடமாவது விடுங்கள். நிறைந்த பேட்டரி என்று முதல் அளவு சொல்லியும் இப்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரி மூப்படைந்துவிட்டது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. ஆனால் எண் 11-க்கு மேலேயே நின்றுகொண்டு இன்ஜின் மட்டும் மெதுவாகச் சுற்றினால், பேட்டரியில் மின்சாரம் இருந்தும் அது மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். பலரும் தேவையின்றிப் புதுப் பேட்டரி வாங்குவது இந்த இடத்தில்தான். நானும் ஒரு குளிர்காலத்தில் அப்படி வாங்கினேன். இரண்டே வாரத்தில் அதே முனகல் திரும்பி வந்தது. கடைசியில், பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து வரும் எர்த் வயரை இன்ஜினோடு பிணைக்கும் போல்ட்டின் அடியில் துருவும் களிம்பும் ஏறியிருந்ததுதான் காரணம் என்று தெரிந்தது.

மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும் இந்த மலையில் ஈரம் புகாத இணைப்பு அரிது. 100 ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 1 வோல்ட் அங்கேயே வெப்பமாகிப் போய்விடும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை செல்ஃப் மோட்டாரின் உடலில் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் அழுத்திப் பிடித்து, பட்டனை அழுத்துங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் கோளாறு. பிறகு பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து மோட்டாரில் வயர் சேரும் போல்ட் வரை இதேபோல் அளந்து, 0.5-க்கு மேல் இருந்தால், பட்டனை அழுத்தியதும் பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் சுவிட்சான ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே தனியாகப் பாருங்கள். அங்கேயே பெரும்பகுதி விழுந்தால் ரிலேயை மாற்ற வேண்டும்.

சுத்தம் செய்யும்போது நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கமாகப் பூட்டிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் அடுத்த மழைக்காலம் வரை ஈரம் அண்டாது.

பாதை சரியாக இருந்தும் தயக்கம் நீடித்தால், ஆயிலை நினைத்துப் பாருங்கள். கையேடு 10டபிள்யூ-30 என்று சொல்லும் இன்ஜினில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால், மேட்டுப்பாளையத்தில் உணராத வேறுபாட்டை இங்கே காலை ஆறு மணிக்கு உணர்வீர்கள். அதுவும் இல்லையென்றால் மோட்டாரைக் கழற்றி, சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, அந்தப் பிரஷ் உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரில் கரி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதை அனுபவமுள்ளவரிடம் விடுவது நல்லது. மோட்டார் மட்டும் விர்ரென்று வேகமாகச் சுற்றி இன்ஜின் அசையாவிட்டால் அது மோட்டாரின் சுழற்சியை இன்ஜினுக்குக் கடத்தும் ஒன்வே கிளட்ச்சின் கோளாறு, மின்சாரத்தோடு தொடர்பில்லாதது.

பேட்டரி அடிக்கடி இறங்குகிறதென்றால் சார்ஜிங்கையும் அளந்துவிடுங்கள். இன்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டால் பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை வர வேண்டும். 2017 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிவதால், சேரிங் கிராஸிலிருந்து மார்க்கெட் வரை போகும் குட்டிப் பயணங்களில் செலவான மின்சாரம் திரும்ப ஏறுவதில்லை. குன்னூர் இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிப் போவதும் அப்படித்தான்: இன்ஜின் ஐடிலில் கிடப்பதால் சார்ஜ் ஏறாது, பிரேக்குகளும் சூடேறி ஆபத்தாகும். தகுந்த கியரில் இறங்கினால் இரண்டும் தீரும்.

வேலை முடிந்ததும் அன்று மதியம் வண்டி எப்படிக் கிளம்புகிறது என்பதைக் கணக்கில் எடுக்காதீர்கள். அடுத்த உறைபனி விழும் காலையில், அதே நேரத்தில், அதே இரண்டு அளவுகளை மறுபடி எடுத்து, முன்பு குறித்து வைத்தவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.