கன்வெர்டிபிள் காருக்குள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

கூரையை மடக்கித் திறக்கக்கூடிய கன்வெர்டிபிள் காரில் கால் மேட் நனைந்திருந்தால், பலரும் முதலில் கூரைத் துணியைத்தான் சந்தேகப்படுவார்கள். அப்புறம் ஒரு சிலிக்கான் டியூபை எடுத்து, சந்து தெரிகிற இடத்திலெல்லாம் பூசிவிடுவார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். தண்ணீர் தேங்கி நிற்கிற இடமும் அது உள்ளே நுழைந்த இடமும் இந்தக் கார்களில் ஒன்றாக இருப்பது அபூர்வம். தவறான சந்தை அடைத்தால், வெளியே போக வேண்டிய தண்ணீரும் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்.

முதலில், அது என்ன தண்ணீர்?

விரலால் தொட்டு, முகர்ந்து பாருங்கள். பிசுபிசுப்பாகவும் இனிப்பு வாடையோடும் இருந்தால் அது மழைநீர் இல்லை. ஹீட்டரிலிருந்து கசியும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். கண்ணாடியின் உட்புறம் எண்ணெய்ப் படலம் போல மங்குவதும் அதற்கு அடையாளம். மழையே பெய்யாத நாளில், ஏசி போட்டு ஓட்டிய பிறகு முன்சீட்டின் கால்வைக்கும் பகுதி நனைந்தால், ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயில் அடைப்பு இருக்கும். இந்த இரண்டும் இல்லையென்றால்தான் கூரைப் பக்கம் போக வேண்டும்.

காய வைக்காமல் தேடாதீர்கள்

ஏற்கெனவே ஊறிப்போன கார்பெட்டில் புதுக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. மேலே தொட்டால் காய்ந்தது போல இருக்கும். ஆனால் கார்பெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தடித்த ஃபோம் பல லிட்டர் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். மக்கல் வாடைக்கு மூலகாரணம் அதுதான். வெயிலில் கூரையைத் திறந்து வைப்பதால் மட்டும் அந்த ஃபோம் காயாது. கார்பெட்டைத் தூக்கி, அடியில் கட்டை கொடுத்து, ஃபேன் காற்று உள்ளே போகும்படி வைக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் வேக்குவம் கிடைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

இதற்குச் சீட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. சாவியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, காரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்த பிறகே அதில் கை வையுங்கள். அங்கே பழக்கம் இல்லையென்றால் சீட்டைக் கழற்றுவதை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம். பல கார்களில் எலக்ட்ரானிக் பெட்டிகளும் கார்பெட்டுக்கு அடியிலேயே இருக்கின்றன. ஈரத்தை அப்படியே விட்டால் பெரிய செலவு வருவது அங்கிருந்துதான்.

வடிகுழாய்கள்: முக்கால்வாசிப் பதில் இங்கே இருக்கும்

சாஃப்ட் டாப் எனும் துணிக் கூரை மீது விழும் மழை பின்பக்கமாக வழிந்து, சீட்டுகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு வாய்க்காலில் இறங்கும். அங்கிருந்து இரண்டு ஓரத்திலும் உள்ள குழாய்கள் வழியாகக் காருக்கு அடியில் போய்விடும். இலை, தூசி, துணியிலிருந்து உதிரும் இழை எல்லாம் சேர்ந்து அந்தக் குழாயில் சேறாக உறைந்தால், தண்ணீர் வாய்க்காலைத் தாண்டி உள்ளே கொட்டும். மாஸ்டா எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. 2002 முதல் 2008 வரை வந்த பிஎம்டபிள்யூ இசட்4 காரில் கூரையை மடக்கும் மோட்டாரே அந்தப் பள்ளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. வடிகால் அடைத்தால் மோட்டார் மூழ்கிச் செத்துப்போகும்.

கூரையைப் பாதி மடக்கி, டார்ச் அடித்து, ஓரங்களில் குழாயின் வாயைத் தேடுங்கள். கையில் வரும் குப்பையை முதலில் அள்ளிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் அது தாராளமாகக் கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் நரம்பை எடுத்து, நுனியை மழுக்கி, சுழற்றிச் சுழற்றி உள்ளே விடுங்கள். கம்பி வேண்டாம், குழாயைக் கிழித்துவிடும். காற்றழுத்தமும் வேண்டாம், கீழே குழாய் இணைப்பே கழன்றுகொள்ளலாம். கழன்றால் வெளியே கொட்ட வேண்டிய தண்ணீர் முழுவதும் காருக்குள் இறங்கும்.

இதே வேலையை வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்துக்கும், கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சிறு துளைகளுக்கும் செய்துவிடுங்கள்.

ஓஸ் பைப் சோதனை

இன்னும் கசிந்தால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டார்ச்சும் டிஷ்யூ பேப்பருமாக உள்ளே உட்கார, மற்றவர் வெளியிலிருந்து தண்ணீர் விட வேண்டும். பிரஷர் வாஷர் கூடாது. மழை வழிவது போல மெல்லிய ஓட்டம் போதும். கீழிருந்து தொடங்குங்கள்: கதவின் அடிப்பகுதி, பிறகு கண்ணாடி விளிம்பு, பிறகு முன்கண்ணாடியின் மேல்சட்டம், கடைசியாகத் துணியும் பின்கண்ணாடியும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நில்லுங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. டிக்கி ஈரமாக இருந்தால் டெயில் லேம்ப் ரப்பரையும் மூன்றாவது பிரேக் விளக்கையும் விட்டுவிடாதீர்கள்.

ரப்பர் பீடிங்கும் கண்ணாடியும்

கதவையும் கண்ணாடியையும் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் பட்டைதான் பீடிங். ஒரு தாளைப் பீடிங்கில் வைத்துக் கதவை மூடி, இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் அழுத்தம் போதவில்லை. பீடிங் கிழியாமல் காய்ந்து மட்டும் இருந்தால், சுத்தமாகத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவினாலே பல நேரம் உயிர் வந்துவிடும். பெட்ரோலிய கிரீஸ் தடவினால் ரப்பர் உப்பிக் கெட்டுப்போகும்.

சட்டம் இல்லாத கதவுள்ள பல கார்களில், கதவைத் திறக்கும்போது கண்ணாடி கொஞ்சம் இறங்கி, மூடியதும் மேலேறிப் பீடிங்கில் அமரும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில கார்கள் அந்த அளவை மறந்துவிடும். அப்போது கையேட்டில் சொல்லியபடி கண்ணாடியை மறுபடி பழக்க வேண்டும். பீடிங்குக்குச் செலவு செய்யும் முன் இதைப் பாருங்கள்.

கால்வைக்கும் இடத்தில் கதவோரமாக மட்டும் ஈரம் என்றால், கதவின் உள் அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் பிரிந்திருக்கலாம். கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பு. அதை உள்ளே விடாமல் தடுப்பது அந்தத் தாள்தான். பியூட்டைல் எனும் பிசுபிசுப்பான ரப்பர் பட்டை வைத்து மறுபடி ஒட்டிவிடலாம்.

துணி

உண்மையில் துணி நேரடியாக ஒழுகுவது குறைவு. மேல்துணிக்கும் உட்துணிக்கும் நடுவே இருக்கும் ரப்பர் படலம்தான் தண்ணீரைத் தடுக்கிறது. மேலே தெளிக்கும் திரவம் துணி ஊறாமல் காக்கும், கிழிசலை அடைக்காது. தையல் வழியாகக் கசிந்தால் தையலுக்கான சீலர் போடலாம். பின்கண்ணாடி துணியிலிருந்து பிரிந்திருந்தால் அதற்கென்று வேலை செய்பவரிடம் கொண்டுபோவதே சரி. ஈரத் துணியை மடித்து வைக்காதீர்கள், பூசணம் பிடிக்கும்.

நின்றால் ஒழுகாது, ஓடினால் ஒழுகும்

வேகத்தில் கூரைக்கு மேலே காற்றழுத்தம் குறைந்து துணி மேலெழும்பும், பக்கக் கண்ணாடியும் வெளிப்பக்கம் இழுபடும். ஓஸ் பைப்பில் தேறிய கார் நெடுஞ்சாலை மழையில் ஒழுகுவது இதனால்தான். உங்கள் கூரையின் முன்பக்கக் கொக்கிகளில் இறுக்கும் திருகு இருந்தால், இரண்டு பக்கமும் ஒரே அளவில், அரைச் சுற்று மட்டும் இறுக்கி ஓட்டிப் பாருங்கள். கொக்கியைப் பூட்டவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள்; அரைச் சுற்று பின்னால் வாருங்கள்.

கார்பெட்டை உடனே ஒட்டிவிட வேண்டாம். கழற்றிய சீட்டை முறையாக மாட்டி, நல்ல மழையில் ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து, ஃபோமின் மேல் டிஷ்யூ பேப்பரை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பேப்பர் காய்ந்தபடியே வந்தால் கார்பெட்டை ஒட்டிவிடலாம்.